வேம்புக்கு ஒரு சுழி

"ரவுட்டர் பிட் இருக்கோ?" என்று கேட்டேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் அந்த இரும்புக்கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வாங்க வந்தது நான்தான் என்று உறுதியான பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"ரவுட்டர் எண்டால் அக்கா, எதிர்ப்பக்கத்திலை கொமினிகேசன் கடை இருக்கு. வைஃபைப் பெட்டியெல்லாம் அங்கைதான்."

"அது இல்லை. மரத்திலை எழுத்து வெட்டுற மெசினுக்கு. கொம்பியூட்டர் சொல்லச் சொல்ல அதுவே ஓடி ஓடி வெட்டும். அதுக்குப் பூட்டுற பிட்."

"மெசின் ஆற்றை? அண்ணையின்ரையோ?"

எனக்குக் கூடப் பிறந்த அண்ணையும் இல்லை, அவர் மனதில் வைத்துக் கேட்ட மற்ற அண்ணையும் இல்லை. வயது நாற்பத்தேழு, கலியாணம் கட்டவில்லை, வேலணையில் தனியாக இருக்கிறேன், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞர் வேலை. இதையெல்லாம் ஒரு பிட் வாங்க வந்த இடத்தில் ஒப்புவிக்க வேண்டுமா? "என்ரை" என்றேன். அவர் ஒரு பைக்கற்றை எடுத்து மேசையில் போட்டார். "பிட் எண்டால் இதுதான். எல்லாரும் இதைத்தான் கொண்டு போறவை. வேறை என்னவும் வேணுமெண்டால் அண்ணையை ஒருக்கால் கதைக்கச் சொல்லுங்கோ."

அந்த ஆத்திரத்தில் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து பூட்டி ஓடவிட்டால் பலகைத் துண்டு கருகிப் புகைந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டி, "குசினியிலை என்ன அடிப்பிடிச்சது?" என்று கேட்டார். அந்த மனுசன் எனக்குத் தந்தது சாதாரண ட்ரில் பிட். அது நுனியால் மட்டும்தான் வெட்டும். கீழே இறங்கும், மேலே வரும், அவ்வளவுதான். பக்கத்தால் இழுத்தால் அதற்கு உரசத்தான் தெரியும். எழுத்து வெட்டுகிற பிட்டுக்கு விலாவிலும் கூர் இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. வருசக்கணக்காக இரும்புக்கடை வைத்திருக்கிற மனுசனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல ஒரு வாய் இல்லையா?

மெசினின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதை வாங்கியது கனடாவில் இருக்கிற என் தம்பி. பொழுதுபோக்குக்கு என்று வாங்கி, வீடு முழுக்கத் தூள் என்று மனைவி ஏச, கப்பலில் சாமான் அனுப்பும்போது அதையும் பெட்டி கட்டி இங்கே தள்ளிவிட்டான். சாப்பாட்டு மேசையின் பாதியளவு இருக்கும். "நான் வந்துதான் பூட்டுவன், நீங்கள் தொடாதேங்கோ அக்கா" என்றான். பிறகு ஒருநாள் அவனே போனில் கோல் எடுத்து, "அக்கா, அதைப் பூட்டி ஒரு பேர்ப்பலகை வெட்டுவீங்களே?" என்று கேட்டான். அவனுக்குத் தேவை வந்தவுடன் எனக்குக் கை முளைத்துவிட்டது.

பேர்ப்பலகை எதற்கென்றால், எங்கள் வீட்டுக்குப் புது மதிலும் புதுக் கேற்றும் வந்திருந்தன. தம்பிதான் கட்டுவித்தான். நல்ல காரியம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மதில் வர இருந்த கோட்டை ஒட்டி ஒரு வேப்பமரம் நின்றது. சும்மா ஒரு மரம் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பேரே வேம்பு. அப்பா வைத்த பேர். தபால்காரர் முதல் மீன் கொண்டு வருகிறவர் வரைக்கும் 'வேம்பு வீடு' என்றால்தான் தெரியும், எங்கள் பேரைச் சொன்னால் யோசிப்பார்கள். மதிலை ஓரடி வளைத்துக் கட்டியிருந்தால் மரம் நின்றிருக்கும். மேசன் கேட்டது என்னை அல்ல, கனடாவை. "வெட்டுங்கோ" என்று கனடாவிலிருந்து பதில் வந்தது. நான் கந்தோரால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே வெயில் வேறு மாதிரி விழுந்தது. முற்றத்தில் மரம் படுத்துக் கிடந்தது, அடிக்கட்டை மட்டும் நின்றது.

அந்த வீடும் வளவும் அப்பா காணி உறுதி எழுதித் தந்த என் சொத்து. என் வளவில் நின்ற மரம் அது. நான் கத்தினேன். தம்பி போனில், "அது வெறும் வேப்பமரம்தானே அக்கா, உங்கை வேம்புக்கு என்ன பஞ்சம்?" என்றான். அடிமரத்தை லொறிக்காரன் ஏற்றிக்கொண்டு போக விடாமல் மறித்து, ஒரு துண்டை மில்லுக்குக் கொண்டுபோய் அரிந்து எடுத்தேன். காய வைத்ததில் மற்ற எல்லாம் வெடித்துப்போக, ஒரேயொரு அகலப் பலகைதான் வெடிப்பில்லாமல் மிஞ்சியது.

அதில் 'வேம்பு' என்று வெட்டிக் கேற்றில் போடலாம் என்றுதான் நான் மெசினைப் பூட்டச் சம்மதித்தேன். தம்பி அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தால் இங்கிலீசு எழுத்து. அவனுடைய பிள்ளைகள் இரண்டு பேரின் பேரிலும் பாதி பாதியை வெட்டி ஒட்டின ஒரு பேர்.

"இனி ஏன் அக்கா வேம்பு? மரமும் இல்லைத்தானே."

மரத்தை வெட்டுவித்தவன் மரம் இல்லை என்கிறான்! எனக்கு வந்த கோபத்துக்குப் போன் உடையாமல் இருந்தது பெரிய காரியம். அதற்கு மேல் அவன் சொன்னதுதான் என்னைச் சுட்டது.

"அதோடை, நான் அனுப்பின பிட்டுகளிலை தமிழ் வெட்ட ஏலாது. தமிழிலை வளைவு சுழி கூட. இங்கிலீசு எண்டால் சுகமாய் வெட்டும்."

எழுத்துக்கு ஏற்ற பிட்டைத் தேடுவார்களா, பிட்டுக்கு ஏற்ற மாதிரி எழுத்தை மாற்றுவார்களா? என் வீட்டுக்கு என்ன பேர் என்று ஒரு பெட்டி இரும்புக் குச்சியா தீர்மானிக்கிறது? கேட்டேன். கடைசியில் அவன், "சரி, நாங்கள் ஓகஸ்டிலை வாறம். அதுக்குள்ளை அந்தப் பலகையிலை தமிழிலை ஒழுங்காய் வெட்டினீங்கள் எண்டால் அதையே போடுங்கோ. ஏலாட்டில் என்ரை படத்தை நான் வந்து வெட்டுறன்" என்றான். சரி என்றேன். கையில் ஒரு பலகை, மூன்று மாதம்.

அவன் ஏலாது என்ற பிட்டுகளை நம்பாமல்தான் முதலில் அந்த இரும்புக்கடைக்குப் போனேன், அங்கே ஏமாந்த பிறகுதான் தம்பி அனுப்பிய பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருபது பிட் இருந்தன. மேலே 'தொடங்குகிறவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. பொன் பூசினது மாதிரி ஒரு மினுக்கம். அந்த மினுக்கத்தைப் பார்த்து நானும் ஏமாந்தேன். மேசை விளிம்பை உருட்டிவிடுவதற்கு ஒன்று, கதவுச் சட்டத்துக்குப் பள்ளம் எடுப்பதற்கு ஒன்று, ஏதோ பூவேலைக்கு இரண்டு மூன்று. எழுத்துக்கு ஆகிறது என்று தேடினால் தடித்த நேர் பிட் இரண்டும் ஓரளவு மெல்லியது ஒன்றும். தொடங்குகிற ஆளுக்கு இருபதும் எதற்கு? பாதியை நான் இன்றுவரைக்கும் பூட்டியதில்லை. இருபது என்றால் வாங்குவார்கள், மூன்று என்றால் வாங்கமாட்டார்கள், அதுதான் விஷயம்.

வீடியோக்களையும் பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கால் இஞ்சிப் பிட்டைத் தூக்கிப் பிடித்து, முதலில் இதை எடுங்கள், எல்லாவற்றுக்கும் போதும் என்றார். அவர் வெட்டினது பெரிய பெரிய இங்கிலீசு எழுத்து. இந்தியாவிலிருந்து தமிழில் விளக்கினவரும் அதே கால் இஞ்சியைத்தான் தூக்கிப் பிடித்தார், அவரும் இங்கிலீசு எழுத்துத்தான் வெட்டினார். தமிழில் பேசி இங்கிலீசை வெட்டுகிறார்! ஒருவராவது 'ணு' வெட்டிக் காட்டியிருக்கக் கூடாதா?

ஆனால் ஒன்றை அவர்களிடம்தான் படித்தேன், அதை மறைக்கக் கூடாது. பிட்டில் ஓடுகிற புரி மேல்நோக்கிச் சுற்றியிருந்தால் தூளை அள்ளி வெளியே எறியும், ஆனால் மரத்தின் மேல்தோலைப் பிய்த்துவிடும். கீழ்நோக்கிச் சுற்றியிருந்தால் மேல்விளிம்பு கத்தியால் அறுத்த மாதிரி வரும், ஆனால் தூள் பள்ளத்துக்குள்ளேயே அடைந்துகொள்ளும், ஊதி ஊதி எடுக்க வேண்டும். பேர்ப்பலகைக்கு விளிம்புதான் முக்கியம், ஆகவே கீழ்நோக்கிச் சுற்றினது. பெட்டியில் இருந்த மெல்லிய பிட் தற்செயலாக அந்த வகை.

எழுத்தை நானே வரைந்தேன். கந்தோரில் றோட்டும் வாய்க்காலும் மதகும் வரைகிற கை. ஏறும்போது மெல்லிசு, இறங்கும்போது தடிப்பு என்று பேனா ஓடுகிற மாதிரியே வரைந்து கொம்பியூட்டரில் ஏற்றினேன். தம்பிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, "கொழுத்த எழுத்தாய்ப் போடுங்கோ அக்கா, பிட் போகும்" என்றான். கொழுக்க வைத்தால் சுழியெல்லாம் அடைந்து மாவுருண்டை மாதிரி இருக்கும். முடியாது என்றேன்.

முதலில் ஒரு பிளைவூட் துண்டில், அந்தத் தாடிக்காரர் சொன்ன தடித்த பிட்டால் வெட்டிப் பார்த்தேன். 'வெமபு' என்று வந்தது. மகர மெய்யின் புள்ளியைக் காணவில்லை. எங்கே பிழை என்று தேடித் தேடிப் பார்த்ததில்தான் விளங்கியது, பிட்டை விடச் சிறிய இடம் வந்தால் கொம்பியூட்டர் அந்த இடத்தை வெட்டாமலே விட்டுவிட்டுப் போகிறது. சொல்லிவிட்டாவது போகிறதா? அதுவும் இல்லை. முடிந்தது என்று மணி அடிக்கிறது.

அடுத்ததாக மெல்லிய பிட்டைப் பூட்டினேன். மூன்று மில்லிமீற்றர். இந்த முறை புள்ளி விழுந்தது. வட்டமாக, நடுவில், மகரத்தின் தலைக்கு மேல் ஒழுங்காக ஒரு புள்ளி. எனக்கு வந்த புளுகத்தைச் சொல்லி மாளாது. எழும்பி நின்று கை தட்டினேன். ஏலாது என்றவனுக்கு ஏலும் என்று காட்டிய மாதிரி இருந்தது. அந்தப் புளுகத்தோடே பிளைவூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேப்பம் பலகையை ஏற்றி இறுக்கினேன். புள்ளி வந்துவிட்டதே, இனி என்ன?

வேப்பந்தூள் உதட்டில் பட்டால் கசக்கும். வாயை மூடித் துணி கட்டியும் கசந்தது. மெசின் ஓய்ந்ததும் தூளை ஊதித் துடைத்து, பலகையை முற்றத்துக்குக் கொண்டுவந்து கதிரையில் சாய்த்து வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். ஓய்வு பெற்ற ரீச்சர், எதையும் சத்தமாகத்தான் வாசிப்பார்.

"வெம்பு" என்று வாசித்தார். பிறகு சிரித்தார். "ஆரைப் பிள்ளை வெம்பச் சொல்லுறீர்?"

நான் குனிந்து பார்த்தேன். புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தெரியவேயில்லை. 'வே'யின் கொம்பில் தலைப்பக்கத்தில் ஒரு சின்னச் சுழி வருமே, ஒற்றைக் கொம்பை இரட்டையாக்குகிற சுழி, அது இல்லை. பேனா மெலிந்து திரும்புகிற இடம். பிட் போகவில்லை, மெசின் விட்டுவிட்டுப் போய்விட்டது. பிளைவூட்டிலும் அது இருந்திருக்காது, நான் பார்க்கவில்லை. மிச்சம் எல்லாம் வடிவாக வெட்டிக் கிடந்தது. வெம்பு.

அக்கா பகிடிக்குத்தான் சொன்னார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முற்றாமல் பழுத்துச் சுருங்கின மாம்பழம் வெம்பல். கலியாணம் ஆகாமல் வயது ஏறின பெண்ணையும் அப்படித்தான் சொல்வார்கள், முகத்துக்கு முன்னால் இல்லை. சடங்கு வீடுகளில் குசினிப் பக்கம் போகும்போது என் காதில் இரண்டு தரம் விழுந்திருக்கிறது. இப்போது நானே கொம்பியூட்டர் போட்டு, அளந்து, இறுக்கி, என் மரத்தில் அதை வெட்டி வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. பொல்லாத கோபம்தான் வந்தது. கடைக்காரர் மேல், தம்பி மேல், தாடிக்காரர் மேல், சடங்கு வீட்டுப் பெண்கள் மேல். எல்லாவற்றையும் விட என் மேல்தான் கூட. மதகு ஒன்றுக்கு அரை இஞ்சி பிசகினால் அடுத்தவரின் படத்தைத் திருப்பி அனுப்புகிற ஆள் நான். என் எழுத்தின் மெல்லிய இடம் எத்தனை மில்லிமீற்றர் என்று ஒருதரமாவது அளந்தேனா?

அன்று பின்னேரமே அளந்தேன். வரைந்த தாளை மேசையில் விரித்து ஒவ்வொரு எழுத்திலும் ஒடுங்கின இடத்தைத் தேடினேன். 'பு'வின் வாலுக்குப் போதிய அகலம், புள்ளிக்கும் அப்படித்தான். கொம்பின் சுழியில் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒன்றரை மில்லிமீற்றர் பிட், கீழ்நோக்கின புரி. இவ்வளவுதான் கணக்கு. முதலில் எழுத்தை அள, பிறகு பிட்டை எடு. இதை ஒரு வீடியோவிலும் ஒருவரும் சொல்லவில்லை, இருபது பிட் பெட்டியின் மேலும் எழுதியிருக்கவில்லை.

கொழும்பில் ஒரு கடையில் அந்த பிட் இருந்தது. இரண்டு கேட்டேன். விலாசத்தைப் போனில் சொன்னதும் பட்டினத்துக் கூரியர்க் கந்தோரில் இருந்த பிள்ளை, "தீவுப் பகுதிக்கு டெலிவரி இல்லை மிஸ்" என்றாள்.

"பிள்ளை, வேலணைக்குக் கப்பல் தேவையில்லை. பண்ணைப் பாலத்தாலை றோட்டு இருக்கு. நான் ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸிலை வந்து போறனான்."

"எங்கடை லிஸ்ரிலை தீவு எண்டுதான் கிடக்கு மிஸ்."

லிஸ்ரில் தீவு என்றால் நடுக்கடலில் நிற்கிறோமாக்கும். லீவு போட்டுப் பட்டினத்துக்குப் போய் நானே எடுத்து வந்தேன். தீப்பெட்டியை விடச் சிறிய பெட்டிக்குள் தையல் ஊசி மாதிரி இரண்டு. எங்கள் உப்புக் காற்றுக்கு இரும்பு நின்றுபிடிக்காது, அதனால் எண்ணெய்த் துணியில் சுற்றி அரிசிப் பேணிக்குள் புதைத்து வைத்தேன்.

முதலாவதைப் பிளைவூட்டிலேயே உடைத்தேன். தடித்த பிட்டுக்கு வைத்த ஆழத்தையும் வேகத்தையும் மாற்றாமல் ஓடவிட்டதில் 'டிக்' என்று ஒரு சத்தம், நுனியைக் காணவில்லை. மெல்லிய பிட்டுக்கு ஒரே மூச்சில் ஆழம் போக முடியாது. அரை மில்லிமீற்றர் அரை மில்லிமீற்றராக, திரும்பத் திரும்ப அதே பாதையில், ஆறுதலாக இறக்க வேண்டும். இனி இருந்தது ஒரு பிட், ஒரு பலகை. பலகையிலும் ஒரு பக்கம்.

வெட்டின பக்கத்தைத் தச்சரிடம் கொடுத்துச் சீவி எடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. பலகை மெலிந்துவிடும் என்று அவருக்குச் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை. பலகையைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்தை மேலே வைத்து இறுக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை தொடங்கி மத்தியானச் சாப்பாடு தாண்டியும் ஓடியது. கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் சோறு வைக்கவில்லை, பக்கத்தை விட்டு அசையவில்லை. பள்ளத்துக்குள் அடைந்த தூளைப் பனையோலைக் கீற்றால் கிண்டி, ஊதி, திரும்பவும் ஊதி, வாயெல்லாம் கசப்பு. கொம்பின் தலைக்குப் பிட் வரும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறையும் அது வளைந்து உள்ளே போய்த் திரும்பி வந்தது. மணி அடித்தபோது நான் முதலில் பார்த்தது புள்ளியை அல்ல.

சுழி இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற மாதிரி, "வேம்பு" என்றார். வேயை வேண்டுமென்றே நீட்டினார்.

கேற்றுக்கு மேலே இரும்பு வளைவு ஒன்று போட்டிருந்தார்கள். அதில் இரண்டு சங்கிலியால் பலகையைத் தொங்கவிட்டேன். றோட்டால் போகிறவர்களுக்கு வேம்பு தெரியும். பிறகு தம்பிக்கு வீடியோ கோல் எடுத்து, றோட்டில் நின்று காட்டினேன்.

"நீங்களே வெட்டினனீங்கள்?" என்று கேட்டான். "சுழியெல்லாம் வந்திருக்கு. எந்த பிட்?"

சொன்னேன். "பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதுதான் ஒரு குறை" என்றான். படிப்பி என்றேன். சிரித்தான். சொன்ன சொல்லை மாற்றவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

கதைத்துக்கொண்டே கேற்றைத் தாண்டி உள்ளே வந்தேன். போன் இன்னும் பலகைப் பக்கமே திரும்பியிருந்தது.

"அக்கா, நில்லுங்கோ. பின்பக்கத்திலையும் ஏதோ கிடக்கு." முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து வாசித்தான். "வெம்பு எண்டெல்லோ கிடக்கு? எழுத்துப் பிழை விட்டிட்டீங்கள்."

நான் போனைக் கொஞ்சம் கீழே பதித்துப் பிடித்தேன். பலகைக்குக் கீழே, மதிலோரத்தில், அந்த வேப்பமரத்தின் அடிக்கட்டை அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"எழுத்திலை பிழை இல்லையடா" என்றேன். "வெட்டினதுதான் பிழை."